1.3 எஸ்டீமுக்கு டர்போ: முதலில் பெட்ரோல் பிரஷர், பிறகுதான் பூஸ்ட்

டர்போ போட்ட எஞ்சினில் பிஸ்டன் ஓட்டையானால் பழி டர்போவின் மேல்தான் விழும். பிரித்துப் பார்த்தால் பெரும்பாலும் கதை வேறு. காற்று கூடியிருக்கும், அதற்கு ஈடாகப் பெட்ரோல் வந்திருக்காது. மிக்ஸ்ச்சர் லீனாகி (காற்றுக்குப் பெட்ரோல் குறைந்து), நாக்கிங் (பெட்ரோல் கட்டுப்பாடில்லாமல் வெடித்துத் தட்டுவது) ஆரம்பித்து, ரிங் பள்ளங்களுக்கு இடையே உள்ள மெல்லிய சுவர் உடைந்திருக்கும். காற்றைத் திணிப்பது சுலபமான பாதி. அந்தக் காற்றுக்கு உரிய பெட்ரோல், உரிய பிரஷரில், கடைசி ஆர்பிஎம் வரை இன்ஜெக்டர் வாசலில் நிற்க வேண்டும். வேலையின் கனமான பாதி அதுதான். இந்தக் குறிப்பில் முக்கால்வாசி அதைப் பற்றியே.

எடுத்துக்கொண்ட வண்டி மாருதி எஸ்டீம். 16 வால்வு, மல்டிபாயின்ட் இன்ஜெக்ஷன் கொண்ட ஜி13பிபி எஞ்சின்: 74 மிமீ போர், 75.5 மிமீ ஸ்ட்ரோக், 1298 சிசி, 85 குதிரைத்திறன், கம்ப்ரஷன் 9.5:1. வண்டி எடை 900 கிலோவுக்கும் குறைவு. கார்புரேட்டர் எஸ்டீமுக்கு இந்தக் குறிப்பு பொருந்தாது. மிச்சப் பெட்ரோல் டேங்குக்குத் திரும்பும் ரிட்டர்ன் லைன் உள்ள, ரெயிலில் (இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோல் பிரிக்கும் குழாய்) பிரஷர் ரெகுலேட்டர் உள்ள வேறு சிறிய பெட்ரோல் கார் என்றால் எண்களை மாற்றிப் போட்டுக்கொள்ளலாம். ரெகுலேட்டர் டேங்குக்குள்ளேயே இருக்கும் புதிய கார்களுக்கு முறை வேறு.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவின்படி, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரம் தயாரிப்பாளர் குறிப்பிட்டதிலிருந்து மாறிப்போகும்படி வண்டியை மாற்றக்கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. ஆகவே இது இருங்காட்டுக்கோட்டை, செட்டிபாளையம் போன்ற ரேஸ் டிராக்கில் ஓட்டும் வண்டிக்கான வேலை. தினமும் ஆபீஸ் போகிற வண்டியில் கை வைக்காதீர்கள்.

எஞ்சின் தாங்குமா என்று பாருங்கள்

கம்ப்ரஷன் டெஸ்ட் எடுங்கள். எஞ்சின் சூடாக, நான்கு பிளக்கும் கழற்றி, த்ராட்டிலை முழுக்கத் திறந்து அடிக்க வேண்டும். ஒவ்வொரு சிலிண்டரும் சதுர செமீக்கு 12 கிலோவுக்கு மேல் காட்ட வேண்டும், சிலிண்டர்களுக்குள் வித்தியாசம் 1 கிலோவைத் தாண்டக் கூடாது. தேறாத எஞ்சினில் டர்போ போடுவது வெடித்த சுவரில் மாடி எழுப்புவது போல. ரேடியேட்டரில் குமிழி வந்தால் ஹெட் கேஸ்கெட் வேலை முதலில்.

பிஸ்டன் தொழிற்சாலை வார்ப்பு பிஸ்டன், கம்ப்ரஷன் 9.5. இந்த இரண்டையும் மாற்றாமல் 0.4 பார் பூஸ்ட் (வளிமண்டல அழுத்தத்துக்கு மேல் டர்போ கூட்டும் அழுத்தம்), அதாவது 6 பிஎஸ்ஐ, அதற்கு மேல் போகாதீர்கள். டிராக்குக்கு 95 ஆக்டேன் பெட்ரோலாவது ஊற்றுங்கள். 91 ஆக்டேனில் 0.4 பார் தள்ளினால் இக்னிஷன் டைமிங்கை அவ்வளவு பின்னுக்கு இழுக்க வேண்டியிருக்கும். டர்போ கொடுத்ததில் பாதி அதிலேயே போய்விடும், எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டும் சிவக்கும்.

0.4 பாரில் என்ன கிடைக்கும்? 35 டிகிரி வெயிலில், 65 சதவீதத் திறனில் ஓடும் கம்ப்ரசர் காற்றை ஏறக்குறைய 82 டிகிரிக்குச் சூடாக்கும். 70 சதவீதத் திறனுள்ள இன்டர்கூலர் (காற்றை ஆற்றும் ரேடியேட்டர்) அதை 49க்கு இறக்கும். அழுத்தம் 1.4 மடங்கானாலும் வெப்பத்தால் அடர்த்தி குறைவதால், எஞ்சினுக்குள் போகும் காற்று சுமார் 1.34 மடங்குதான். 85 குதிரை 114, 115 ஆகும். 900 கிலோவுக்குக் குறைவான வண்டிக்கு இது பெரிய மாற்றம். கிளட்ச் பழசாக இருந்தால் மூன்றாம் கியரிலேயே வழுக்கும். புது கிளட்ச் செட்டைக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பிரஷரின் கணக்கு

இதை விளங்கிக்கொள்ளாமல் ஸ்பேனரைத் தொடாதீர்கள்.

இன்ஜெக்டர் ஒரு குழாய் மாதிரி. திறந்திருக்கும் நேரத்தில் எவ்வளவு பெட்ரோல் கொட்டும் என்பதை ரெயிலில் உள்ள பிரஷர் மட்டும் தீர்மானிப்பதில்லை. இன்ஜெக்டருக்குப் பின்னால் ரெயில் பிரஷர் தள்ளுகிறது, நுனியில் இன்டேக் மேனிஃபோல்டின் (எஞ்சினுக்குக் காற்று போகும் குழாய்) அழுத்தம் எதிர்த்து நிற்கிறது. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் வேலை செய்கிறது. இந்த எஞ்சினில் அந்த வித்தியாசம் ஏறக்குறைய 3 பார்.

ரெகுலேட்டர் தலையில் உள்ள வேக்கம் ஹோஸ் அதற்காகத்தான். ஐடிலில் மேனிஃபோல்டில் 0.6 பார் அளவுக்கு வேக்கம் இருக்கும், ரெகுலேட்டர் ரெயிலை 2.4க்கு இறக்கும். த்ராட்டில் முழுக்கத் திறந்தால் வேக்கம் இல்லை, ரெயில் 3.0. பூஸ்ட் 0.4 ஏறினால் ரெயில் 3.4 ஆக வேண்டும். இதுவே ஒன்றுக்கு ஒன்று ரெகுலேட்டர். பூஸ்டில் ரெயில் 3.0லேயே நின்றுவிட்டால் வித்தியாசம் 2.6 ஆகிவிடும், அதாவது அதிகம் தேவைப்படும் நேரத்தில் 7 சதவீதம் குறைவாக ஊற்றும். ஹோஸில் ஒரு வெடிப்பு போதும் இதற்கு.

இரண்டாவது கணக்கு இன்னும் முக்கியம். பிரஷரை இரட்டித்தால் பெட்ரோல் இரட்டிக்காது, 1.41 மடங்குதான் ஆகும். பெட்ரோலை இரட்டிக்க வேண்டுமானால் பிரஷரை நான்கு மடங்காக்க வேண்டும். வர்க்கமூலக் கணக்கு. பிரஷரைக் கூட்டியே சமாளித்துவிடலாம் என்ற நினைப்பு தோற்பது இங்கேதான்.

தொழிற்சாலை ஈசியூவின் (எஞ்சினை நடத்தும் கணினி) மேப்பில், அதாவது எப்போது எவ்வளவு பெட்ரோல் என்ற அட்டவணையில், வளிமண்டல அழுத்தத்துக்கு மேலே கட்டமே கிடையாது. பூஸ்ட் வந்ததே அதற்குத் தெரியாது. இன்ஜெக்டரைப் பழைய நேரத்துக்கே திறக்கும். ஆகவே கூடுதல் பெட்ரோல் முழுவதும் பிரஷர் வழியாக வந்தாக வேண்டும். 0.4 பாரில் காற்று 1.34 மடங்கு, பூஸ்டுக்காகக் கொஞ்சம் ரிச்சாக்க (பெட்ரோலைக் கூட்ட) இன்னொரு 8 சதவீதம், ஆக பெட்ரோல் 1.45 மடங்கு வேண்டும். 1.45ஐ வர்க்கப்படுத்தினால் 2.1. மூன்று பார் வித்தியாசம் 6.3 பார் ஆக வேண்டும். பூஸ்டையும் சேர்த்தால் கேஜில் 6.7. அந்தப் பிரஷரில் பம்ப் மூச்சுத் திணறும், இன்ஜெக்டரின் ஊசி திறக்கத் தயங்கும், இருபது வருடப் பழைய ஹோஸ் எங்காவது கசியும். கசிவது எல்லாம் எஞ்சின் மேலே.

பூஸ்டை 0.25 பாரில் நிறுத்தினால் கதை மாறும். காற்று ஏறக்குறைய 1.21 மடங்கு, பெட்ரோல் 1.31 மடங்கு, வித்தியாசம் 5.1 பார், கேஜில் 5.35. உயர் அழுத்த வகைப் பம்ப் இருந்தால் இது நடக்கும். 0.25 பார் பூஸ்டுக்கு ரெயில் 3.0லிருந்து 5.35க்கு ஏற வேண்டும், அதாவது ஒரு பங்கு பூஸ்டுக்கு ஒன்பதரைப் பங்கு. ஏறுவிகித ரெகுலேட்டரின் மேல் 8:1, 10:1, 12:1 என்று போட்டிருப்பதன் பொருள் இதுதான். எண் பெரிதாக இருப்பது நல்லது என்று 12:1 வாங்கி மாட்டினால், அதே 0.25 பாரில் ரெயிலை 6 பாருக்குத் தள்ளப் பார்க்கும்.

நேராகச் சொன்னால்: கையில் இருக்கும் காசுக்கு 0.25 பார்தான் முடியும் என்றால் ஏறுவிகித ரெகுலேட்டர், பழைய ஈசியூ, பின்னுக்கு வைத்த டைமிங் போதும். டிஸ்ட்ரிபியூட்டர் உள்ள வண்டியில் அதைத் திருப்பி 3, 4 டிகிரி பின்னால் வைக்கலாம். பூஸ்ட் இல்லாத இடத்திலும் வண்டி கொஞ்சம் மந்தமாகும், அதுதான் விலை. மேப் சென்சாருக்கு (இன்டேக் மேனிஃபோல்டின் அழுத்தத்தை அளப்பது) பூஸ்ட் போகாமல் தடுக்கும் ஒருவழி வால்வும் வேண்டும், இல்லையென்றால் செக் எஞ்சின் விளக்கு எரியும். 0.4 பார் வேண்டுமென்றால் பெரிய இன்ஜெக்டர், தனி ஈசியூ, ஒன்றுக்கு ஒன்று ரெகுலேட்டர். நடுவழி ஒன்று இருக்கிறது என்று நினைத்தவர்களின் பிஸ்டன்கள்தான் ரீபில்டிங் பட்டறைகளில் கிடக்கின்றன. இனி வருவது இந்த 0.4 பார் வழிக்கானது.

இன்ஜெக்டர், பம்ப், லைன்

டர்போ எஞ்சினில் ஒரு குதிரைத்திறனுக்கு நிமிடத்துக்கு 6.3 சிசி பெட்ரோல் என்று போடுங்கள். 115 குதிரைக்கு 725 சிசி. இப்போது பங்க்கில் வருவது இ20, அதாவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் கலந்ததால் அதே காற்றுக்கு 7 சதவீதம் கூடுதலாக வேண்டும், ஆக 775. நான்கால் வகுத்தால் ஒரு இன்ஜெக்டருக்கு 194. 85 சதவீத நேரத்துக்கு மேல் திறந்திருக்கக் கூடாது என்பதால் 228. இதற்கு 3 பாரில் 270 முதல் 300 சிசி இன்ஜெக்டர் சரியாக இருக்கும். 550 சிசி சும்மா கிடைக்கிறதே என்று போடாதீர்கள், 1.3 லிட்டரில் ஐடில் ஒழுங்காக நிற்காது.

வாங்கிய இன்ஜெக்டரின் ரெசிஸ்டன்ஸை மல்டிமீட்டரில் பாருங்கள். 12 முதல் 16 ஓம் இருக்க வேண்டும். 2, 3 ஓம் காட்டினால் அது வேறு வகை, நேராக மாட்டினால் ஈசியூவின் டிரைவர் எரிந்துபோகும். நான்கையும் இன்ஜெக்டர் கிளீனிங் பெஞ்சில் 3 பாரில் ஓடவிட்டு அளந்து வாங்குங்கள். ஒன்றுக்கொன்று 3 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் திருப்பிக் கொடுங்கள். சராசரி பார்த்து டியூன் செய்வீர்கள், குறைவாக ஊற்றும் அந்த ஒரு சிலிண்டர்தான் உருகும்.

பம்ப் மணிக்கு 190 லிட்டர் வகை போதும். எல்லோரும் 255 லிட்டர் வால்ப்ரோ மாட்டுகிறார்கள், தவறில்லை. ஆனால் எஞ்சின் குடிக்காத மிச்சமெல்லாம் சூடான ரெயிலைச் சுற்றி டேங்குக்கே திரும்பி, மொத்தப் பெட்ரோலையும் சூடாக்கும். அதோடு மெல்லிய ரிட்டர்ன் லைன் அவ்வளவையும் இறக்க முடியாமல் ஐடிலிலேயே பிரஷர் 3க்கு மேல் நிற்கும். இந்தக் கோளாறை ரெகுலேட்டர் கோளாறு என்று நினைத்து ரெகுலேட்டரை மாற்றிக்கொண்டே இருப்பவர்கள் உண்டு.

புதுப் பம்புக்குப் பழைய வயரில் கரண்ட் கொடுக்காதீர்கள். பேட்டரியிலிருந்து 4 சதுர மிமீ வயர், 20 ஆம்பியர் ஃபியூஸ், தனி ரிலே. பழைய பம்ப் வயர் இந்த ரிலேயை ஆன் செய்ய மட்டும். எர்த் வயரும் அதே கனத்தில், பாடியில் பெயின்ட் சுரண்டிய இடத்தில். எஞ்சின் ஓடும்போது பம்ப் முனையில் அளந்தால் பேட்டரி வோல்டேஜைவிட அரை வோல்ட்டுக்கு மேல் குறையக் கூடாது. வோல்டேஜ் குறைந்தால் பம்பின் வேகம் குறையும், முதலில் அடிபடுவது பூஸ்டில் வர வேண்டிய அந்தக் கடைசிப் பிரஷர்.

டேங்கிலிருந்து ரெயில் வரை ரப்பர் ஹோஸ் எல்லாவற்றையும் மாற்றுங்கள். மேலே எஸ்ஏஇ ஜே30ஆர்9 என்று அச்சிட்ட இன்ஜெக்ஷன் ஹோஸ் வேண்டும். கார்புரேட்டர் ஹோஸ் இந்தப் பிரஷருக்கும் எத்தனாலுக்கும் தாங்காது. கிளாம்ப் விளிம்பு மடிந்த இன்ஜெக்ஷன் வகை, பட்டையில் பல் வெட்டிய சாதா வார்ம் கிளாம்ப் ஹோஸை வெட்டும். ஃபில்டர் புதுசு.

கழற்றும் முன் பிரஷரை இறக்குங்கள். பம்ப் ஃபியூஸைப் பிடுங்கி, எஞ்சின் தானாக நிற்கும் வரை ஓடவிட்டு, இன்னும் இரண்டு முறை கிராங்க் அடித்து, பேட்டரி நெகட்டிவைக் கழற்றி, பிறகு யூனியனில் துணி சுற்றித் திறங்கள். தீயணைப்பான் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

ரெயிலில் பிரஷர் கேஜ் நிரந்தரமாக வையுங்கள். கேபினுக்குள் பெட்ரோல் டியூப் இழுத்து டாஷ்போர்டில் கேஜ் வைப்பது தற்கொலைக்குச் சமம். 0 முதல் 10 பார் எலக்ட்ரிக் சென்சார் ஒன்றை ரெயிலில் மாட்டி வயரை மட்டும் உள்ளே கொண்டுவாருங்கள். அதே சிக்னலை ஈசியூ பதிவுக்கும் கொடுத்துவிட்டால், பின்னால் எந்தச் சந்தேகம் வந்தாலும் ஊகிக்க வேண்டியதில்லை.

பிபி பார்க்கும் கருவியால் ரெகுலேட்டரைச் சோதிப்பது

வண்டியைப் பூஸ்டுக்குக் கொண்டுபோய் ரெகுலேட்டர் ஏறுகிறதா என்று பார்ப்பது பணயம் வைத்துப் பார்ப்பது. நிறுத்தி வைத்த வண்டியிலேயே பார்த்துவிடலாம். அதற்குச் சரியான கருவி மெடிக்கல் கடையில் கிடைக்கும் வட்ட டயல் பிபி கருவி. அதன் டயல் 300 மிமீ பாதரசம் வரை போகும். 300 மிமீ என்பது சொல்லிவைத்த மாதிரி 0.4 பார். 150 என்றால் 0.2, 75 என்றால் 0.1.

கையில் கட்டும் பட்டையைக் கழற்றிவிடுங்கள். அழுத்தும் ரப்பர் பல்பின் டியூப், டயலின் டியூப் இரண்டையும் ஒரு டி-யில் சேர்த்து, மூன்றாவது கிளையை ரெகுலேட்டர் தலையில் உள்ள நிப்பிளில் மாட்டுங்கள். பம்ப் ரிலேயை ஜம்பர் போட்டு பம்பை மட்டும் ஓடவிடுங்கள், எஞ்சின் நிற்கட்டும். பல்பை அழுத்தாதபோது ரெயில் கேஜ் 3.0 காட்டும்படி ரெகுலேட்டர் ஸ்க்ரூவைத் திருப்பி லாக் நட்டை இறுக்குங்கள். இதுதான் அடிப்படை பிரஷர்.

இப்போது மெதுவாக அழுத்துங்கள். நிப்பிளுக்குள் இடம் மிகக் குறைவு என்பதால் இரண்டு அழுத்திலேயே டயல் 150க்குப் போய்விடும். ரெயில் 3.2 காட்ட வேண்டும். 300ல் 3.4. கையை எடுத்தால் டயல் முள் அப்படியே நிற்க வேண்டும். முள் தானாக இறங்கினால் முதலில் டி-யையும் டியூபையும் சோப்புத் தண்ணீரில் பாருங்கள். முள் தானாக மேலே ஏறினால் ரெகுலேட்டர் டயாஃப்ரம் கிழிந்து, ரெயில் பிரஷர் இந்தப் பக்கம் வருகிறது. டியூபைக் கழற்றி மூக்கருகே கொண்டுபோங்கள், பெட்ரோல் வாடை அடித்தால் சந்தேகமே இல்லை. அந்த ரெகுலேட்டரைத் தூக்கிப் போடுங்கள், பெட்ரோலை நேராக மேனிஃபோல்டுக்குள் விடும். (ஏறுவிகித ரெகுலேட்டர் போட்டவர்கள் 75ல் 3.9 அளவும், 150ல் 4.9 அளவும் பார்க்க வேண்டும்.)

அதே நிலையில் 300ஐப் பிடித்துக்கொண்டு இன்னொரு சோதனை. ரிட்டர்ன் ஹோஸை அளவு போட்ட கேனுக்குள் விட்டு 30 விநாடி ஓடவிடுங்கள். எஞ்சினுக்கு நிமிடத்துக்கு 775 சிசி வேண்டும். முப்பது சதவீதம் கையிருப்போடு ஒரு லிட்டர். ஆகவே 30 விநாடியில் அரை லிட்டருக்குக் குறையக் கூடாது. 190 லிட்டர் பம்ப் இதைப் போல இருமடங்குக்கு மேல் கொட்டும். கொட்டாவிட்டால் ஃபில்டர், வயர், டேங்குக்குள் உள்ள ஹோஸ் என்ற வரிசையில் தேடுங்கள். திறந்த வெளியில், எஞ்சின் ஆறியிருக்கும்போது, சுற்றிலும் தீ இல்லாமல் செய்யும் வேலை இது.

பம்பை நிறுத்தி ஒரு நிமிடம் கழித்தும் ரெயிலில் 2 பாருக்கு மேல் நிற்க வேண்டும். சடாரென்று விழுந்தால் பம்பின் செக் வால்வு, ரெகுலேட்டர், அல்லது ஒழுகும் இன்ஜெக்டர்.

டர்போவும் குழாய்களும்

டர்போ காரெட் ஜிடி1548 அளவு. டீசல் ஸ்விஃப்டின் கேபி35 மலிவாகக் கிடைக்கிறது என்று பலர் தேடுவார்கள். அது இந்த எஞ்சினுக்கு மேல் ஆர்பிஎம்மில் போதாமல் மூச்சு முட்டும், பெட்ரோல் எஞ்சினின் புகைச் சூட்டுக்கும் அது செய்யப்பட்டதல்ல. பழைய டர்போ வாங்கினால் ஷாஃப்டைப் பிடித்து அசைத்துப் பாருங்கள். பக்கவாட்டில் லேசாக ஆடலாம். முன்னும் பின்னும் ஆடவே கூடாது, வீல் ஹவுசிங்கில் உரசிய தடமும் கூடாது.

டர்போவைத் தாங்கும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டை லேத் பட்டறையில் செய்யலாம். ஹெட் ஃப்ளாஞ்ச் 12 மிமீ எம்எஸ் பிளேட், குழாய்க்கு 32 என்பி ஷெட்யூல் 40 சீம்லெஸ் எல்போ, சுவர் கனம் 3.56 மிமீ. மெல்லிய சைலன்சர் பைப்பில் செய்தால் நான்கே டிராக் நாளில் வெடிக்கும். ஆர்கான் வெல்டிங்; வெல்ட் அடிக்கும்போது ஃப்ளாஞ்சைப் பழைய ஹெட்டில் போல்ட் போட்டு இறுக்கியே அடிக்க வேண்டும், முடிந்ததும் முகத்தை மில்லிங் செய்ய வேண்டும். டர்போவின் எடையை மேனிஃபோல்ட் மட்டும் சுமக்கக் கூடாது. பிளாக்கிலிருந்து ஒரு தாங்கி கொடுங்கள்.

ஆயில் வரத்து, ஆயில் பிரஷர் ஸ்விட்ச் இடத்தில் டி போட்டு. ஆனால் கவலைப்பட வேண்டியது வரத்தைப் பற்றியல்ல, வடிகாலைப் பற்றி. டர்போவிலிருந்து ஆயில் நுரையாக வடியும். புவியீர்ப்பு தவிர அதை இழுக்க எதுவும் இல்லை. உள்விட்டம் 16 மிமீக்குக் குறையாமல், எங்கேயும் தொய்வு இல்லாமல் நேராக இறங்கி, சம்ப்பில் ஆயில் மட்டத்துக்கு மேலே சேர வேண்டும். ஆயில் மட்டத்துக்குக் கீழே வெல்ட் அடித்துவிட்டு, நீலப் புகை வருகிறது, டர்போ சீல் போச்சு என்று டர்போவை மாற்றுவது வழக்கமான வீண் செலவு.

இன்டர்கூலர் குழாய் 50 மிமீ, முனைகளில் மேடு உருட்டியிருக்க வேண்டும், இல்லையென்றால் ஹோஸ் பூஸ்டில் கழன்று பறக்கும். பூஸ்ட் எல்லை மீறாமல் புகையை டர்போவைத் தாண்டி விடும் வேஸ்ட்கேட்டின் ஆக்சுவேட்டர் 0.4 பார் ஸ்பிரிங். அதற்கான சிக்னல் கம்ப்ரசர் ஹவுசிங்கிலிருந்து. ரெகுலேட்டருக்கான சிக்னல் மட்டும் த்ராட்டிலுக்குப் பின்னால், இன்டேக் பிளீனத்திலிருந்து தனி ஹோஸில் வர வேண்டும். இன்டர்கூலர் குழாயிலிருந்து எடுத்துவிட்டால் த்ராட்டில் மூடிய நேரத்தில் ரெகுலேட்டருக்குப் பொய்த் தகவல் போகும். இந்த ஹோஸை ப்ளோ-ஆஃப் வால்வோடும் பூஸ்ட் கேஜோடும் பங்கு போடாதீர்கள். பிசிவி ஹோஸில் (கிராங்க்கேஸ் புகையை இன்டேக்குக்கு இழுப்பது) ஒருவழி வால்வு, பிரேக் பூஸ்டரின் ஒருவழி வால்வு சரியாகப் பிடிக்கிறதா என்ற சோதனை, இரண்டும் கட்டாயம். பெட்ரோல் ரெயிலுக்கும் டர்போவுக்கும் நடுவே தகடு ஒன்று. வெயிலில் நிறுத்தி மீண்டும் ஸ்டார்ட் செய்யும்போது ரெயிலில் ஆவி கட்டாது.

பிளக் ஒரு படி குளிர்ந்த வகை, என்ஜிகே 6 என்றால் 7. இடைவெளி 0.7 மிமீ. பழைய 1.1ஐ அப்படியே விட்டால் பூஸ்டில் பொறி அணைந்து வண்டி விக்கும், அதைப் பெட்ரோல் குறை என்று நினைத்து மேப்பைக் கெடுத்துக்கொள்வீர்கள்.

ஈசியூ, டியூனிங்

ஸ்பீடுயினோ, மெகாஸ்குவர்ட் போன்ற தனி ஈசியூக்களில் எம்பிஎக்ஸ்4250 மேப் சென்சார் 250 கிலோபாஸ்கல் வரை படிக்கும், இந்த வேலைக்குத் தாராளம். டர்போவுக்கு அரை மீட்டர் பின்னால் டவுன்பைப்பில் (டர்போவிலிருந்து இறங்கும் புகைக் குழாய்) வைட்பேண்ட் ஆக்சிஜன் சென்சார் வையுங்கள்; தண்ணீர் தேங்காதபடி தலை மேலே சாய்ந்திருக்கட்டும். மீட்டரை லாம்டாவில் படியுங்கள்: 1.0 என்றால் காற்றும் பெட்ரோலும் சரியான கணக்கு, அதற்குக் கீழே ரிச், மேலே லீன். ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று என்ற எண் எத்தனால் கலக்காத பெட்ரோலுக்கு. இ20ல் அது 13.5 அளவுக்கு இறங்கிவிடும். லாம்டா எந்தப் பெட்ரோலிலும் அதேதான்.

ஐடிலும் சாதா ஓட்டமும் 1.0. முழு த்ராட்டில், பூஸ்ட் இல்லாத இடத்தில் 0.88. 0.2 பாரில் 0.84. 0.4ல் 0.80 முதல் 0.82. டைமிங் பூஸ்ட் இல்லாத முழு த்ராட்டில் அளவிலிருந்து 0.4 பாரில் 6 டிகிரி பின்னால் ஆரம்பியுங்கள். இன்டேக் காற்று 50 டிகிரியைத் தாண்டினால் ஒவ்வொரு பத்துக்கும் இன்னும் 1, 2 டிகிரி. இன்டேக் மேனிஃபோல்டில் 155 கிலோபாஸ்கலைத் தாண்டினால் ஈசியூ எஞ்சினை வெட்டும்படி கட் போட்டு வையுங்கள். வேஸ்ட்கேட் ஹோஸ் ஒன்று கழன்றாலும் எஞ்சின் பிழைக்கும்.

முதல் ஸ்டார்ட்டுக்கு முன் பம்ப் ஃபியூஸைப் பிடுங்கி, பத்துப் பத்து விநாடியாக நாலு முறை கிராங்க் அடித்து டர்போவுக்கு ஆயில் போகிறதா என்று பாருங்கள். பிறகு பத்து நிமிட ஐடில், டார்ச் அடித்து எல்லா யூனியனும். டிராக்கில் முதலில் பூஸ்ட் வராத த்ராட்டிலில் மேப்பைச் சரி செய்யுங்கள். அதன்பின் மூன்றாம் கியரில் ஒரே இழுப்பு, கால் எடுத்து, பதிவைத் திறந்து பார்ப்பது. லாம்டாவைவிட முதலில் பார்க்க வேண்டிய கோடு ரெயில் பிரஷரிலிருந்து மேனிஃபோல்ட் பூஸ்டைக் கழித்த வித்தியாசம். அது 3.0ல் கயிறு கட்டின மாதிரி நேராகப் போக வேண்டும்.

அந்தக் கோடு என்ன சொல்கிறது

ஆர்பிஎம் ஏற ஏறக் கோடு சரிந்து இறங்கினால் பம்பின் கொள்ளளவு முடிகிறது: ஃபில்டர், வோல்டேஜ், பம்ப். பூஸ்ட் ஏறிய அளவுக்கு அப்படியே இறங்கினால், அதாவது ரெயில் 3.0லேயே நின்றால், சிக்னல் ஹோஸ் கழன்றிருக்கிறது. நீண்ட வளைவில் மட்டும் பல்லுப் பல்லாக விழுந்தால் டேங்கில் பெட்ரோல் ஒரு பக்கம் ஒதுங்கி பம்ப் காற்றை உறிஞ்சுகிறது. அரை டேங்குக்குக் குறையாமல் ஓட்டுங்கள், நிரந்தரத் தீர்வு பம்பைச் சுற்றிச் சிறிய தொட்டி அல்லது சர்ஜ் டேங்க். ஐடிலில் மட்டும் வித்தியாசம் கூடி, லாம்டா ரிச்சாக இருந்தால் ரிட்டர்ன் லைன் நெருக்கம். ஓட ஓட, பத்து நிமிடம் கழித்து விழ ஆரம்பித்தால் பெட்ரோல் சூடாகி பம்ப் வாயிலேயே ஆவி கட்டுகிறது.

கோடு நேராக இருந்தும் லாம்டா லீனானால் பிரஷர் பக்கம் குற்றமில்லை. இன்ஜெக்டர் 85 சதவீதத்தைத் தாண்டுகிறதா பாருங்கள், பிறகு மேப்பைத் திருத்துங்கள். பூஸ்டில் லீன் என்பதற்காக அடிப்படை பிரஷரை ஸ்க்ரூவில் கூட்டுவது மட்டும் வேண்டாம். ஐடில் முதல் எல்லா இடமும் சேர்ந்து மாறி, இதுவரை செய்த டியூனிங் மொத்தமும் வீணாகும்.

ஒவ்வொரு இரண்டு மூன்று இழுப்புக்கும் பிளக்கைக் கழற்றி, லென்ஸ் வைத்துப் பீங்கானைப் பாருங்கள். வெள்ளைப் பீங்கானில் மிளகுத்தூள் தூவினது போலக் கரும்புள்ளி இருந்தால் நாக்கிங் ஆரம்பம். நடுவே மின்னுகிற வெள்ளி மணிகள் தெரிந்தால் அது பிஸ்டனிலிருந்து பெயர்ந்த அலுமினியம். அன்றைக்கு ஓட்டம் அதோடு போதும். 3 டிகிரி டைமிங்கைப் பின்னால் எடுத்து, அந்தச் சிலிண்டரின் இன்ஜெக்டரைக் கழற்றி மறுபடி பெஞ்சில் அளந்து, புது பிளக் போட்ட பிறகே அடுத்த இழுப்பு.